மெசஞ்சரின் கறுப்புக் கட்டம்

பிட்டர் ஃபோர்க் ஊரின் ஒரே தினசரியான 'மெசஞ்சர்' அலுவலகத்துக்குள் நான் பீச் பழக் கேக்கோடு நுழைந்தது அக்கம்பக்கத்து மரியாதைக்காக மட்டுமே. எதிரில்தான் என் ரொட்டிக்கடை. வேவு பார்க்கப் போனேன் என்று ஊர் சொன்னால், ஊருக்கு வேறு வேலை இல்லை.

பத்திரிகையைத் தொடங்கிய சைலஸ் க்ரான்டல் வசந்தத்தில் செத்துப்போனார். மனைவி லவினியா தபால்காரனைப் பார்த்துச் சிரித்தால்கூட, மறுநாளே அவன் மூக்கைப் பற்றித் தலையங்கம் எழுதிய மனிதர். இலையுதிர் காலம் வருவதற்குள் லவினியா, அச்சுக்கோக்கும் டெக்ஸ்டர் பாயிலைக் கட்டிக்கொண்டாள். ஊரில் வேறு ஆளா இல்லை? ரொட்டிக்கடை எதிரிலேயே இருக்கிறது.

அவர்கள் கல்யாணச் செய்தி தடித்த கறுப்புக் கட்டத்துக்குள் வந்தது.

அது சாவுக்கு மட்டும் போடுவது. பத்திகளுக்கு நடுவே நிற்கும் பித்தளைப் பட்டைக்கு ஒரு விளிம்பு மெல்லியது, மறு விளிம்பு தடித்தது. யாராவது செத்தால் பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். கறுப்புக் கரை விழும்.

"சைலஸ் சாவுக்குத் திருப்பினத நிமித்த மறந்துட்டியாப்பா?" என்றேன், கேக்கை லவினியா பக்கம் நகர்த்தியபடி.

"நீங்களே பாருங்க. கண்ணு தெரியும்ல?" என்றான் டெக்ஸ்டர்.

பார்த்தேன். எல்லாப் பட்டையும் மெல்லிய விளிம்பு மேலேதான். மை தடவினான். தாளை விரித்து நெம்புகோலை இழுத்தான்.

கறுப்பு.

கிராம்பு கலந்த புகையிலை வாசம் எழுந்தது. அதைப் பிடித்தவர் ஊரில் சைலஸ் மட்டும்தான்.

"அவருதான்," லவினியா கிசுகிசுத்தாள். "நான் சிரிச்சா அவருக்கு ஆகாது."

"செத்தவனுக்கு என்னடி பொறாமை?" என்றான் டெக்ஸ்டர்.

பட்டைகளை அள்ளிப்போய்ப் பாழ்பட்ட சுரங்கக் குழியில் கொட்டினான். மறுநாள் பட்டையே இல்லாமல் பேப்பர் வந்தது. என் கடைக்கே வந்து ஆட்டிக் காட்டினான்.

"எங்கய்யா உங்க கறுப்பு?"

அவன் கையில் ஆடிய தாளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 'அச்சிட்டு வெளியிடுபவர்: டெக்ஸ்டர் பாயில்' என்ற வரியைச் சுற்றி மட்டும் கட்டம்.

மை ஈரமாக இருந்தது.

அன்று மத்தியானம், மை தடவக் குனிந்தவன் மீது எந்திரத்தின் இரும்புப் பலகை இறங்கியது. நெம்புகோலை யாரும் தொடவில்லை என்று லவினியா சத்தியம் செய்தாள்.

இப்போது அவள் தனியாகத்தான் பேப்பர் நடத்துகிறாள். பாவம், சரியாகச் சாப்பிடுவதில்லை. தினமும் கேக் கொண்டுபோனேன், மரியாதைக்குத்தான். நேற்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"நீங்க ரொம்ப நல்லவரு, ஹோரஸ்."

இன்று காலை மெசஞ்சரைப் பிரித்தேன். என் ரொட்டிக்கடை விளம்பரம். சுற்றிலும் கறுப்பு. தொட்டேன், விரலில் ஒட்டியது.

அடுப்பில் ரொட்டி வேகிறது.

வருவது கிராம்பு வாசம்.