பச்சைத் துண்டு தொங்கிய கதவு

"துண்டு தொங்குனா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். மத்தவிய வெளியதான் நிக்கணும்."

"ரெண்டு பேரும் ஒண்ணா நுழைஞ்சிட்டா, மேடம்?"

"அப்புறம் யாரு யாருன்னே தெரியாது."

கல்யாணமான புதிதில் மாரிசெல்வியும் மாதவனும் சிரித்துக்கொண்டே பேசியது. இருவருக்கும் இயங்குதளத்தின் மையக் கருவான கெர்னலுக்கு நிரல் எழுதும் வேலை. பின்னறையில் சோதனைக் கணினி ஒன்றுதான். அதற்கு முறை வைக்கத்தான் அந்தப் பச்சைத் துண்டு.

இன்று மதியம் துண்டு தொங்கியது. மாதவனோ கூடத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை.

வெடித்த கரிசலின் சூட்டையும் தீப்பெட்டி ஆபீஸின் மருந்து நெடியையும் சுமந்து வந்த காற்று சமையலறைச் சன்னலை ஆட்டிக்கொண்டேயிருக்க, அங்கே மாரிசெல்வி மடிக்கணினியின் முன் உறைந்திருந்தாள். பத்து நாட்களாகத் துரத்திய பிழை. இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கைவைக்க, கணினி செத்துவிடும். கண்காணிப்பு வரிகளைச் சேர்த்தால் பிழை வராது. எடுத்தால் வரும். பார்த்தால் ஒளிந்துகொண்டது.

மூன்று நாளுக்கு முன் கண்டுபிடித்தாள். ஒன்றை நிறுத்தி ஒன்றை உள்ளே விடும் நிரல் பூட்டையே யாரோ நீக்கியிருந்தார்கள். நிரலை மாற்றியவர் யார் என்ற பதிவில் இருந்தது அவள் பெயர். தேதி, அம்மாவோடு அவள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்த நாள். மடிக்கணினி வீட்டில் இருந்தது. அவள் கடவுச்சொல் தெரிந்தவன் மாதவன் மட்டும்தான்.

பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டாள். பெயரைத்தான் அழிக்க முடியவில்லை. நாளை கம்பெனியில் விசாரணை. வேலை போய்விடும்.

"யாரு பேரு இருக்கோ அவியதானட்டி பதில் சொல்லணும்?" என்றான் நேற்று, அவள் முகத்தைப் பார்க்காமல். பூட்டை எடுத்தது அவன்தானா என்று கேட்காமலே அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

பின்னறையில் நாற்காலி நகர்ந்தது.

விசைகள் தட்டும் சத்தம். அவள் தட்டும் அதே வேகம். நடுவில் ஒரு இருமல். அவளுடைய இருமல்.

எழுந்து கதவருகே போனாள். துண்டு ஈரமாயிருந்தது.

மாதவன் வந்தான். அவளை உரசிக்கொண்டு நின்றான். பார்க்கவில்லை.

"இன்னும் முடியலையாட்டி?" மூடிய கதவிடம் கேட்டான்.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஈ உட்கார்ந்ததுபோல் தட்டிவிட்டான். கத்தினாள். வாய் திறந்தது. சத்தமில்லை.

உள்ளே தட்டும் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, அவள் குரல்.

"ஏங்க, அந்தப் பூட்டை எடுத்தது நீங்கதான்னு சொல்லிருங்க."