ஆளெண் நாற்பத்திரண்டு

இருபத்திரண்டு புது ஆட்கள் உள்ளே வந்ததும் மேஸ்திரி கொம்பையா கட்டுப்பாட்டுப் பலகையில் ஆளெண்ணை நாற்பத்திரண்டு என்று மாற்றினார். கடலடிச் சுரங்கத்தில் ஆட்கள் தங்கும் வளர்கூடு மூச்சை இழுத்ததுபோலப் புடைத்தது. சுவர் தடித்தது. வாசல் ஒரு சாணாகக் குறுகியது.

சோதனைக்கு வந்திருந்த இன்ஜினியர் முப்பிடாதியும் உள்ளேதான் மாட்டிக்கொண்டாள். கூட்டின் வடிவக்கணக்கு அவளுடையது. ஒரே எண்ணைத் தட்டினால் எல்லாம் தானாக அமைய வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது, செய்து கொடுத்தாள். ஆளெண் கூடினால் காற்று கூடும், கடல்மட்டத்துக்குத் தூக்கிப்போகும் மேலேற்றியில் இருக்கைகள் விரியும், சுவர் தடிக்கும். குவாரிச் சரிவில் அப்பனைப் பறிகொடுத்தவள். உயிர் கூடக் கூடச் சுவர் கனக்கட்டும் என்று நினைத்தாள். தடிக்க ஒரு நொடி, மெலிய ஒரு மணி நேரம். வாசலுக்குத்தான் தனி அளவு வைக்கவில்லை. சுவர் போக மிச்சம் வாசல்.

"ஏன் தாயி, ஆளு கூடுனா வாசல் குறையணுமா? நல்லா யோசிச்சிருக்கிய" என்றார் கொம்பையா.

அவள் பலகையில் ஒன்பது என்று தட்டினாள். பொய்தான். சுவர் முனகி முனகி இளைத்தது. ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் ஒருக்களித்து வெளியே நழுவினார்கள். மேலேற்றி ஒன்பது இருக்கைகளோடு நின்றது. வெளிக்கூடத்துக்கு வந்த காற்றும் ஒன்பது பேருக்குத்தான். இரண்டு பேர் மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பலகை உள்ளே இருந்தது. எண்ணை ஏற்ற உள்ளே போகிறவர் வெளியே வருமுன் வாசல் இறுகிவிடும்.

"நான் போறேன் அண்ணாச்சி. நீங்க ஏறுனதும் ஒண்ணுன்னு தட்டிட்டு, அடுத்த நடையில வாறேன். ஆள எண்ணிச் சொல்லுங்க."

கொம்பையா குவாரியில் எண்ணிப் பழகியவர். தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"என்னையும் சேத்து நாப்பத்திரண்டு, தாயி."

தட்டினாள். வாசல் சாணாகச் சுருங்கியது. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொருவராக ஏற ஏற, மேலேற்றியின் நெற்றியில் ஆளெண் இறங்கியது. ஏறியவர்களைக் கழித்துவிட வேண்டும், ஆளில்லாத கூட்டுக்கு எதையும் வீணாக்கக் கூடாது. அதுவும் அவள் எழுதியதுதான்.

மூன்று என்று வந்தபோதுதான் உறைத்தது. எந்தக் குவாரியிலும் எந்த மேஸ்திரியும் இன்ஜினியரை ஆள்கணக்கில் சேர்த்ததில்லை. அவள் அப்பன் சரிவில் போன அன்றும் ஆட்களை அப்படித்தான் எண்ணினார்கள், இன்ஜினியரை விட்டுவிட்டு.

பலகைக்கு ஓடினாள். விரல் படுமுன் எண் பூஜ்யமாகிப் பலகை அணைந்தது. காற்றாடி ஓய்ந்தது. கீழே அவள் இருக்கிறாள் என்று மேலே போய்க் கொம்பையா சொல்வார். நிர்வாகம் திரையைப் பார்த்து ஆளே இல்லை என்று சொல்லும்.

இருட்டில் சுவர் முனகத் தொடங்கியது. வாசல் விரிய ஆரம்பித்திருந்தது. இந்த முறை அது ஆள் நுழையும் அளவோடு நிற்காது. ஆளெண் பூஜ்யம் என்றால் சுவரும் பூஜ்யம், கடல் நுழையும் வரை விரியும்.