மன்னார்குடிக் கடற்கரையில் ஓர் ஆங்கிலப் பள்ளி

மன்னார்குடிக் கடற்கரையில் காலை எட்டு மணிக்கு ஆசிரியர்கள் வரிசையாக நின்று காதை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாசலில் இருந்த சோதனை வளைவு ஒவ்வொரு காதின் பின்புறத்தையும் நீல ஒளியால் துழாவியது. மொழிக்கருவி எதுவும் பதிக்கப்படவில்லை என்று உறுதியான பிறகே கதவைத் திறந்துவிட்டது.

மன்னார்குடிக்காரர்கள் கடலைத் தேடிப் போனதில்லை. கடல்தான் அவர்களைத் தேடி வந்து அறுபது வருடமாகிறது. ஊரில் பாதிப் பேர் மிதவை வீடுகளில் குடியிருந்தார்கள். எல்லார் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவு மொழிக்கருவி இருந்தது. யாரும் எந்த மொழியையும் கற்க வேண்டாம். தமிழில் நினைத்தால் போதும், வாயிலிருந்து ஜப்பானிய மொழி வரும். ஆனால் அந்தக் கருவி பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளை நம்பிப் பிழைப்பது. செவ்வாய்க் குடியிருப்பில் அதன் பாச்சா பலிக்காது. அங்கிருந்து ஒரு கேள்வி பூமிக்கு வந்து திரும்பக் கால்மணிக்கு மேல் ஆகும். ஆகவே செவ்வாய்க்குப் போகிறவனுக்குச் சொந்த மண்டைக்குள்ளேயே ஆங்கிலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளையைச் செவ்வாய்க்கு அனுப்புவதே பிறவிப்பயன் என்று கருதிய பெற்றோர், ‘நியூ தேம்ஸ் கருவியில்லா ஆங்கிலப் பள்ளி’யின் வாசலில் விடியுமுன்பே வந்து நின்றார்கள்.

அந்தப் பள்ளியில் ஓராண்டாக ஆங்கில ஆசிரியராக இருந்த சிவக்கொழுந்துக்கு ஆங்கிலம் தெரியாது.

இறால் பண்ணையில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சட்டப்படியான கருவி காதுக்குப் பின்னால் இருக்கும். திருட்டுக் கருவி கடைவாய்ப் பல்லில் இருக்கும். மொழிப்பல் என்று பெயர். ஒரு பல் வைத்தியர் ரகசியமாகப் பதித்துக் கொடுத்தார். தமிழில் முணுமுணுத்தால் அது நாக்கைப் பிடித்து இழுத்து ஆங்கிலம் பேச வைக்கும். காதில் விழும் ஆங்கிலத்தைத் தமிழாக்கி மண்டைக்குள் ஒலிக்கும். என்ன, அந்தத் தமிழ் கொஞ்சம் செய்தி வாசிப்பவர் தமிழாக இருக்கும்.

இந்தத் திருட்டுத்தனத்துக்கு ஒரே காரணம் வீடு. பள்ளி கட்டியிருந்த மேட்டு நிலத்தில் ஆசிரியர்களுக்கு வீடு கொடுத்தார்கள். சிவக்கொழுந்தின் மனைவி செங்கமலத்துக்கு மிதவை வீட்டின் ஆட்டம் பதினோரு வருடமாக ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, தலைசுற்றல், மறுபடி வாந்தி. மேட்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நின்று, “ஆடலங்க” என்று சொல்லி அழுதாள். அதற்காக ஒரு பல் என்ன, முப்பத்திரண்டையும் கொடுக்கலாம் என்று சிவக்கொழுந்துக்குத் தோன்றியது.

சக ஆசிரியர்களைப் பார்த்தாலே அவர் இரண்டடி ஒதுங்கி நிற்பார். அவர்கள் அசல், தான் போலி. தலைமையாசிரியை மேடம் அகி. இலக்கணம் எடுக்கும் மிஸ்டர் பிரகாஷ், லண்டனில் வாழ்ந்தவர், தேம்ஸ் ஆற்றுப் பனியைப் பற்றி அடிக்கடி சொல்வார். உச்சரிப்பு வகுப்பு எடுக்கும் மிஸ் ஜெனி பேசினால் வெண்ணெயில் கத்தி இறங்கியது போலிருக்கும். தினமும் ஓய்வறையில் பிரகாஷ் கேட்பார், மண்டைக்குள் பல் மொழிபெயர்க்கும்: “இன்றைய வானிலை பாராட்டத்தக்கதாக உள்ளது அல்லவா?” சிவக்கொழுந்தும், “ஆம், மிகவும் பாராட்டத்தக்கதாக உள்ளது” என்று பல்லைக் கொண்டு சொல்வார். ஓராண்டுப் பழக்கத்தில் அவர்களைப் பற்றி அவர் அறிந்துகொண்டது இவ்வளவுதான்: மூவருக்கும் வானிலை பிடிக்கும், மூவரும் இடது பக்கமாகவே மென்று சாப்பிடுவார்கள். பின்னது லண்டன் நாகரிகம்போலும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பல் பதித்த பக்கம் வலிக்கும் என்பதால் தானும் இடது பக்கமே மெல்வது நல்லதாகப் போயிற்று என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சி வேறு.

பள்ளியின் ஒவ்வொரு சுவரிலும் தாய்மொழிமானி மாட்டியிருந்தது. அந்த இடத்தில் பேசப்படும் தமிழ்ச் சொற்களை அது எண்ணிச் சிவப்பு எழுத்தில் காட்டும். ஒரு நாளில் பத்துக்கு மேல் போனால் பள்ளியின் உரிமம் போகும். அதிகம் பேசியவர் மறுநாளே மேட்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்குப் பல் செத்துப்போனது.

ஓய்வறைக்குள் நுழைந்து, வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார் சிவக்கொழுந்து. நாக்கு அசையவில்லை. ‘வணக்கம்’ என்ற தமிழ்ச் சொல் உதடு வரை வந்துவிட்டது. வாயைப் பொத்தி, இருமலாக மாற்றினார். நல்ல வேளையாக பிரகாஷும் அப்போது இருமிக்கொண்டிருந்தார். ஜெனி ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி இருந்தார். மேடம் அகி வந்து ஒரு தாளைப் பலகையில் ஒட்டிவிட்டு, எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார். மூவரும் தாளின் முன் நின்று வெகுநேரம் படித்தார்கள், தலையை ஆட்டினார்கள். சிவக்கொழுந்துக்கு அதில் புரிந்தவை இரண்டுதான்: அயல்மொழிக் கல்வி வாரியத்தின் முத்திரை, 11 என்ற எண். பதினோரு மணிக்குத் தணிக்கை.

பள்ளிச் சமையலறைக்குப் பின்னால் அலைதாங்கிச் சுவர் இருந்தது. அங்கே அலைச் சத்தத்தில் எந்த மானிக்கும் காது கேட்காது. பல் வைத்தியருக்குப் போன் போட அங்கே ஓடினார் சிவக்கொழுந்து. ஏற்கனவே ஒருவர் அங்கே முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், பதினோரு மணிக்கு ஆபீஸர் வர்றாங்க. அதுக்குள்ள சரியாயிடுமான்னு மட்டும் சொல்லுங்க. இல்லீங்க, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. பல்லு பேச மாட்டேங்குது.”

மேடம் அகி திரும்பினார்.

“மேடம்... உங்களுக்குமா?”

“எந்தப் பக்கம் உங்களுக்கு?”

“வலதுங்க.”

“எனக்கும் வலதுதான். பழைய சேட்டிலைட்டாம், படுத்துருச்சாம். சாயங்காலம் ஆகுமாம்.” அவர் ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். பிரகாஷ் சாருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்.”

சொல்லி வாய் மூடவில்லை, பிரகாஷ் போனைக் காதில் வைத்தபடி சமையலறையைச் சுற்றி வந்தார். அவருக்குப் பின்னால் ஜெனி. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான்கு வலக் கைகளும் வலக் கன்னத்தில் இருந்தன. முதலில் சிரித்தது ஜெனிதான்.

அதன் பிறகு முக்கால் மணி நேரம் அந்தப் பாறைகளில் நடந்தது ஓர் ஆண்டுக்குரிய பேச்சு. பிரகாஷ் என்பது ஞானப்பிரகாசம்.

“லண்டனாவது ஒண்ணாவது. அக்கா பொண்ண நீடாமங்கலத்துல குடுத்திருக்கு. அதுக்கு அங்கிட்டு நான் போனதில்ல சார்.”

“அப்ப அந்தத் தேம்ஸ் ஆத்துப் பனி?”

“நான் நம்ம பாமணியாத்துப் பனியத்தான் சொன்னேன். பல்லு அத தேம்ஸ்ன்னு ஆக்கிருச்சு. நீங்கள்லாம் வாயப் பொளந்து கேட்டீங்களா, நானும் அப்படியே விட்டுட்டேன்.”

மேடம் அகி என்பது அகிலாண்டம். ஜெனி என்பது ஜைபுன்னிசா, கூத்தாநல்லூர்க்காரர்.

“நீங்க முன்னாடி அல்லித்தெரு மிதவையிலயா இருந்தீங்க?” என்று ஜைபுன்னிசா சிவக்கொழுந்தைக் கேட்டார். “பதினேழாம் நம்பரு எங்க மாமி வூடு. அட, செங்கமலம் அக்கா வூட்டுக்காரரா நீங்க? அவங்க வாந்திய எடுத்துக்கிட்டே எங்க கல்யாணத்துல ரெண்டு பந்தி பரிமாறுனாங்களே அண்ணே.”

சிவக்கொழுந்துக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஓராண்டாக அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள். தமிழ் வெளியே கசிந்துவிடக் கூடாதென்று அவரவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மற்றவர் வீட்டுக்குள் ஆங்கிலம் பொழிகிறது என்று நம்பியவர்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்ததற்குத் தன்னைத்தானே தலையில் குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

“ஒருத்தர்கிட்ட வாய் விட்டுப் பேசி எத்தன நாளாச்சு” என்றார் அகிலாண்டம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணியைப் பார்த்ததும் தலைமையாசிரியை ஆனார். “சரி, கேளுங்க. உள்ள போனதும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. புள்ளைங்களையும் தொறக்க விடக் கூடாது. அவ்ளோதான்.”

“அதுல புதுசா என்ன மேடம் இருக்கு? தெனமும் அதத்தான செய்யிறோம்” என்றார் ஞானப்பிரகாசம்.

தணிக்கையன் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தது. இடுப்பு உயர இயந்திரம். அடியில் நான்கு சக்கரம், மேலே ஒரு கண். நேராக சிவக்கொழுந்தின் வகுப்புக்குள் உருண்டுவந்து, அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டது. முப்பது பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். பல் செத்த வாயோடு, சொந்த மண்டைக்குள் ஏதாவது ஆங்கிலம் கிடக்கிறதா என்று தேடினார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இருந்தது ஒன்றே ஒன்று. சின்ன வயதில் ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொன்னது.

“கீப் கொயட்” என்றார் சிவக்கொழுந்து.

தணிக்கையன் வாய் மூடிக்கொண்டது. அவர் வாழ்நாளில் சொந்தமாகப் பேசிய முதல் ஆங்கிலம், அதுவும் ஓர் அரசு அதிகாரியை அடக்கிவிட்டது. வகுப்பு முழுவதும் அது வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல் கையைக் கட்டி, உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

மணி அடித்தபோது அது பின்புறமாக நகர்ந்தது. முந்நூறு கிலோ எடை. ஒரு சக்கரம் சிவக்கொழுந்தின் வலது கால் பெருவிரல் மேல் ஏறி, சற்று யோசித்து, இறங்கியது. ‘ஐயோ’ தமிழ். ‘அம்மா’வும் தமிழ். இரண்டுமே மானிக்குத் தெரியும், தணிக்கையன் கண்ணெதிரே ஒன்று விழுந்தாலும் குட்டு உடைந்துவிடும். தேள் கொட்டிய திருடன்போல நின்றார் அவர். கண்ணில் நீர் வழிய, செங்கமலம் வெறுங்காலோடு தரையில் நிற்பதை மட்டும் நினைத்துக்கொண்டு, புன்னகைத்தார்.

மூன்று மணிக்கு எல்லாரையும் கூடத்தில் நிறுத்தியது தணிக்கையன். அப்போது சிவக்கொழுந்தின் கடைவாயில் சுருக்கென்றது. பக்கத்தில் மூன்று கன்னங்கள் ஒரே நேரத்தில் துடித்தன. பல் உயிர்த்துவிட்டது.

“இப்பள்ளியில் இன்று பேசப்பட்ட தாய்மொழிச் சொற்களின் எண்ணிக்கை சுழியம்” என்று தணிக்கையனின் ஆங்கிலம் மண்டைக்குள் தமிழாக ஒலித்தது. “வாரியத்தின் வரலாற்றில் இதுவே முதல்முறை. மாநிலத்தின் தலைசிறந்த ஆங்கிலப் பள்ளியாக இதனை அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.”

பாறையில் வந்த தைரியம் சிவக்கொழுந்தை விடவில்லை. “ஐயா, இன்று எத்தனை ஆங்கிலச் சொற்கள் பேசப்பட்டன?” என்று பல்லைக் கேட்க வைத்தார்.

“அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை” என்றது தணிக்கையன். “நான் எண்ணிப் பார்த்தேன், இரண்டு. ஆனால் எழுத இடமில்லை. படிவத்தைத் தயாரித்தவர்கள் மனிதர்கள். நூற்றிருபது ஆண்டுகளாக யாரும் குறை சொன்னதில்லை.”

பிறகு அது பரிசை அறிவித்தது. இத்தனை உயர்ந்த சூழல் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடக் கூடாது. ஆகவே ஆசிரியர்களின் குடியிருப்புக்கும் தாய்மொழிமானி இலவசமாகப் பொருத்தப்படும். அதே விதி, அதே பத்துச் சொல். அகிலாண்டத்தின் முகம் வெளிறியது. ஜைபுன்னிசா கீழே குனிந்துகொண்டார். நான்கு பேரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் சிவக்கொழுந்து நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது மானி கூடத்துச் சுவரில் ஏறியிருந்தது. “என்னங்க இது, கால்ல என்ன, ஏன் நொண்டுறீங்க” என்று ஓடிவந்தாள் செங்கமலம். சிவப்பு எழுத்து ஆறைத் தொட்டது. அவர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தி, சுவரைக் காட்டினார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, பல்லும் கிடையாது. மானியைப் பார்த்தாள், காலுக்கடியில் ஆடாத தரையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

அந்த வாரத்திலேயே பத்துச் சொல்லில் குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார்கள். ‘சாப்பிட வாங்க’ இரண்டு. ‘கால் வலி எப்படி’ மூன்று. சண்டை போடப் பத்துச் சொல் எந்த மூலைக்கும் போதாது என்பதால் சண்டையும் நின்றுபோயிற்று, சமாதானமும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டுச் சொல் மிச்சமிருந்தும் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அல்லித்தெருவிலிருந்து தையல்நாயகி பழைய சிநேகிதியைப் பார்க்க வந்தாள். வாயைத் திறந்தால் ஐந்நூறு சொல்லுக்குக் குறையாதவள். செங்கமலம் ஓடிப்போய் அவளை வாசற்படியிலேயே மறித்தாள். உதட்டில் விரல் வைத்தாள். பேச முடியாத துக்கத்தில் அவள் கையை இறுகப் பற்றி, கண் கலங்கி, திருப்பி அனுப்பினாள்.

தையல்நாயகிக்குக் கோபமே வரவில்லை. மறுநாள் படகில் ஏறியதும் எதிரே இருந்தவளிடம் ஆரம்பித்துவிட்டாள்.

“செங்கமலம் இப்ப நம்மள மாதிரி இல்லடி. அந்த வூட்ல ஒரு வார்த்த தமிழ் கெடையாது. உள்ள எட்டிப் பாத்தேன், புருசனும் பொண்டாட்டியும் அவ்வளவு நாகரிகம். எம் பொண்ணயும் அங்கதான் சேக்கப் போறேன். வூட்ல இப்பவே அதுக்கிட்ட பேசுறத நிறுத்திப்புட்டோம்.”