எர்த் இல்லாத வாசல்

காலையில் துடைத்து வைத்த செம்புத் தகட்டில் மீண்டும் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது.

கீர்த்திகா குனிந்து பார்த்தாள். ஈரக் கையை வைத்து எடுத்தது போல ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. விஸ்வநத்தத்துக்கு வெளியே அவள் வாடகைக்குப் பிடித்திருந்த தகரக் கொட்டகையில் மதிய வெயில் கூரை வழியே இறங்கி, புளிக்கரைசலும் சுட்ட இரும்பும் கலந்த வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. எங்கோ சோதனைக்குப் போட்ட வெடியில் தகரம் அதிர்ந்து மெல்ல அடங்கியது.

"முத்துச்செல்வி, ஏன் இதைத் தொட்ட?"

மெருகேற்ற வந்தவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். காலையிலிருந்து உள்ளே வரவில்லை.

"எம் மேல சொல்லாதீகக்கா. நான் நேத்தோட விட்டுட்டேன். அதுக்கு எர்த் கொடுத்தீகளா?"

"இது சிலை. இதுக்கு எதுக்கு எர்த்?"

"அப்ப ஆலையில வேலை பாத்தவுக இறக்கி வச்சது எங்கன போகும்?"

பட்டாசு ஆலையில் அறைக்கு அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதன் கம்பி மண்ணுக்குள் போகும். பொறி பறக்காமலிருக்க, வலது கையை அதில் வைத்து, உடம்பிலுள்ள கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்தச் சிலை வேலைக்காக ஆலை ஆலையாகச் சுற்றியதில் கீர்த்திகாவுக்கும் அது பழகிவிட்டது. பேங்க் வாசலில்கூடக் கை தானாக எழும். பிறகு தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

தகடுகள் தாயில்பட்டிப் பக்கம் மூடிக் கிடந்த பட்டாசு யூனிட்டிலிருந்து வந்தவை. அதன் முதலாளி யோகேஸ்வரி கொடுத்தாள். ரவுண்டானாவில் நிறுத்த, அவற்றை இரும்புச் சட்டத்தில் பொருத்தி ஆளுயரத்துக்கு மேல் ஒரு வாசல் செய்திருந்தாள் கீர்த்திகா. அவளுடைய பெயரில் ஊர் நடுவே நிற்கப்போகும் முதல் வேலை. தகடுகளின் ஓரம் கருகியிருந்ததை அரம் வைத்துத் தேய்த்தவளும் அவள்தான். அந்த யூனிட் ஏன் மூடியது என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

போன் அடித்தது. யோகேஸ்வரி.

"ஏம்மா, லாரி கிளம்பிருச்சு. நாளைக்குத் திறப்பு. கறை கிறை இருந்துச்சுன்னா, அங்கனயே உடைச்சு எடைக்குப் போட்டுருவேன். பெறகு இந்தச் சுத்துப்பட்டில நீ ஒரு கேட்டுகூடச் செய்ய முடியாது."

புளி வைத்துத் தேய்த்தாள். எலுமிச்சை. பாலிஷ். முழங்கை வலிக்கத் தேய்த்தும் அந்தக் கைத்தடம் போகவில்லை. பக்கத்துத் தகட்டில் இன்னொன்று வந்திருந்தது. அதற்கு மேல் இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூச்சுப் பட்ட கண்ணாடி போல, ஒவ்வொரு தகடாக மங்கிக்கொண்டு வந்தது. கந்தக வாடை. அதனடியில் கருகிய முடியின் வாடை.

தன் வலது கையை ஒரு பதிவுக்கு நேரே பிடித்தாள். தொடவில்லை.

பொருந்தவில்லை.

அவள் கட்டைவிரல் இடப்பக்கம். பதிவில் அது வலப்பக்கம். எல்லாவற்றிலும் அப்படித்தான். இங்கே யாரும் இடது கை வைப்பதில்லை.

அப்படியென்றால் இவை இந்தப் பக்கமிருந்து வைத்தவை அல்ல.

தகட்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். வெறும் செம்பு. மீண்டும் முன்பக்கம் பார்த்தாள். விரல் நுனிகள் இப்போது லேசாகப் புடைத்திருந்தன. உள்ளிருந்து தள்ளுவது போல.

வெளியே போக வேண்டும். உடனே. ஆனால் லாரியில் ஏற்றத் தோதாக அந்த வாசல் கொட்டகையின் ஷட்டரை அடைத்து நின்றது. அதற்குள் புகுந்துதான் போக வேண்டும்.

எதையும் தொடாமல் போனால் போதும்.

கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். ஓரடி. இன்னோரடி. முத்துச்செல்வியின் மஞ்சள் சேலை தெரிந்தது. வேப்பமரம் தெரிந்தது. வாசல்.

கை தானாக எழுந்தது.

தகடு சூடாக இருந்தது. மெத்தென்று. அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து விரல்கள் அவள் விரல்களுக்குள் கோத்துக்கொண்டன.

அவளைத் தகட்டுக்குள் இறக்கினார்கள்.

"அக்கா? லாரி வந்துருச்சு. எங்கன போனீக?"

முத்துச்செல்வி உள்ளே வந்தாள். சிவப்பாக, மங்கலாக, கலங்கிய தண்ணீருக்கு அப்பால் நிற்பவள் போல. அவளுக்கு எதிரே எல்லாத் தகடுகளும் பளபளத்தன. ஒன்றில் மட்டும் ஒரு கை. கட்டைவிரல் வலப்பக்கம்.

கீர்த்திகா உள்ளிருந்து அந்தக் கையால் அறைந்தாள். கத்தினாள். செம்பு சத்தம் எழுப்பவில்லை.

"இதை மட்டும் துடைக்காம விட்டுட்டுப் போயிட்டாக," என்று முணுமுணுத்தபடி முத்துச்செல்வி பாலிஷ் துணியை எடுத்தாள்.

அவளுக்குப் பின்னால், கொட்டகை நிறைய, பெண்கள் நின்றிருந்தார்கள். வெறுங்காலோடு. மணிக்கட்டுவரை வெள்ளி நிற வெடிமருந்து அப்பிய கைகளோடு.

முத்துச்செல்வி இன்னும் திரும்பவில்லை.