இரவல் காய்ச்சல்

"இந்தத் தடவை எனக்கு வர்ற காய்ச்சல உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் ஏத்துக்கோங்க" என்று மிருதுளா சொன்னதும், சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் ரசத்தைத் தேட ஆரம்பித்தார்கள். ரசம் எல்லார் கண்ணெதிரிலும்தான் இருந்தது.

முதலில் வாய் திறந்தவன் மகன் ஆதன். "நாளன்னிக்கு ஆபீஸ்ல முக்கியமான மீட்டிங்மா." மகள் நறுமுகைக்கு ஓட்டப்பந்தயம் இருந்தது, பாவம், மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்திருக்கிறாள். கணவர் கவின்ராஜ் கடைசியாக, ரொம்ப நியாயமான குரலில் சொன்னார்: "உன்னுது பழகுன உடம்பு, அம்மிணி. எங்களுக்கெல்லாம் ஒத்துக்குமோ என்னமோ."

"பழகலீங்க. அலுத்துப் போச்சு."

சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு மிருதுளா போய்ப் படுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்திராத காட்சி அது.

அலுக்காமல் என்ன செய்யும்? பருவத்துக்கு ஒரு கிருமி புதுவேடம் போட்டுக்கொண்டு வர, பருவத்துக்கு ஒரு தடுப்பூசி என்று ஆகிப்போன காலம். ஊசி நல்ல ஊசிதான்; உயிரைக் காப்பாற்றியது. ஆனால் போட்ட அன்று மத்தியானம் தொடங்கி இரண்டு நாளைக்கு ஆளை அடித்துப் போட்டுவிடும். காய்ச்சல், மூட்டுவலி, குமட்டல் என்று ஒன்று பாக்கியிருக்காது. அதற்குப் பயந்தே பாதி ஜனம் ஊசி பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்போதுதான் நோவுமாற்றி வந்தது. இரண்டு காப்புகள், அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொள்பவர் கையில் வெள்ளைக் காப்பு, ஏற்பவர் கையில் நீலக் காப்பு. மருந்து உள்ளே போய்த் தன் வேலையைப் பார்க்கும். அதற்கு உடம்பு போடும் கூச்சலை மட்டும் வெள்ளைக் காப்பு நரம்பிலிருந்து வழித்தெடுத்து நீலக் காப்புக்கு அனுப்பிவிடும். கிருமி போகாது, மருந்து போகாது. காய்ச்சலும் வலியும் மட்டும் ஆள் மாறும். இரண்டு பேரும் ஒரே ஊருக்குள் இருந்தால் போதும்.

முதலில் கைக்குழந்தைகளுக்காகத்தான் அதைச் செய்தார்கள். "இவனுக்கு வந்தது எனக்கு வந்திருக்கக் கூடாதா" என்று தொட்டிலோரம் அழாத தாய் உண்டா? அந்த வேண்டுதலை விஞ்ஞானம் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி வைத்தது. குழந்தைகள் வளர்ந்தார்கள். காப்பு மட்டும் அம்மாக்களின் கையை விட்டு இறங்கவில்லை. அப்புறம் அப்பாக்களும், "அப்படியே எனக்கும் சேர்த்து" என்று பின்னால் வந்து நின்றார்கள். வீட்டுக்கு ஒரு ஏற்பவர் என்று நாடே பழகிவிட்டது. அது யார் என்று எந்த வீட்டிலும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் இதற்கு ஒரு சம்பிரதாயமே வந்துவிட்டது. மாரியம்மன் நோன்புக்குச் சொல்வது போலவே, "அவங்க வீட்ல காப்புக் கட்டியாச்சு" என்பார்கள். காப்புக் கட்டிய வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள், தாளிக்கக்கூட மாட்டார்கள். வாசம் பட்டால் ஏற்பவருக்குப் புரட்டும். ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஓட்டலுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சொந்தக்காரர்கள் போன் பண்ணி, "பையனுக்கு ஊசி போட்டாச்சாமே, நல்லா இருக்கானா?" என்று விசாரிப்பார்கள். அவனுக்கென்ன, நன்றாகத்தான் இருப்பான்.

மிருதுளா வீட்டில் நால்வரும் ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். கணவர் காய்ச்சல், மகன் காய்ச்சல், மகள் காய்ச்சல், அவளுடைய சொந்தக் காய்ச்சல் என்று எல்லாம் கலந்துகட்டி ஒரே உடம்பில் வந்து இறங்கும். எது யாருடையது என்று அவளுக்கே தெரியாது. இந்த முறை ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்று புதிதாக ஓர் ஊசி வந்திருந்தது. முதல் வாரம் பெண்களுக்கு, அடுத்த வாரம் ஆண்களுக்கு என்று நாள் குறித்திருந்தார்கள். அதுவரை யார் காய்ச்சலையும் ஏற்றிராத எதிர் வீட்டுக்காரி போட்டுக்கொண்டு வந்து, "மூட்டுக்கு மூட்டு கொள்ளி வெச்ச மாதிரி இருக்குதுக்கா" என்று சொன்னதிலிருந்து மிருதுளாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இத்தனை காய்ச்சலைப் பார்த்தவளுக்கு ஒரு காய்ச்சலா பெரிது என்று கேட்கலாம். பார்த்ததால்தான் பயம். ஆனால் பயம் பாதிதான். அந்த இரண்டு நாள் எப்படியிருக்கும் என்று வீட்டில் இன்னொருவருக்கு ஒரே ஒரு தடவை தெரிய வேண்டும்; மனசு அதற்காகத்தான் கிடந்து அடித்துக்கொண்டது. தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அவளே சுமக்கத் தயார்.

மறுநாள் காலை காபி வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு கவின்ராஜ் வந்து கட்டிலோரம் நின்றார்.

"சரி, நானே ஏத்துக்கறேன். எந்திரி."

ஊசி மையத்தில் காப்புக் கட்டும் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. நீலக் காப்பை ஓர் ஆணின் கையில் மாட்டியதே இல்லை போலிருக்கிறது. பெரிய அளவைத் தேடி எடுக்க உள்ளே போக வேண்டியிருந்தது. அதற்குள் கவின்ராஜுக்கு வேர்த்துவிட்டது.

"ஏம்மா, எனக்குக் கொஞ்சம் பிரஷர் இருக்குது. பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க சார். எல்லை மீறிச்சுன்னா காப்பு தானா நின்னுக்கும்."

"எந்த எல்லைன்னு யாரு முடிவு பண்றது?"

"காப்புதான் சார்."

"அதுக்கு என்னம்மா தெரியும் என்னப் பத்தி? இல்ல, பின்னால நரம்பு கிரம்பு இழுத்துக்காதே? பக்கத்து தெருவுல ஒருத்தருக்கு..."

வரிசையில் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மிருதுளாவுக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஊசி அவள் கையில் ஏறியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டது அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் கவின்ராஜ் போருக்குப் போகிறவர் போலப் படுக்கையில் ஏறினார். தலைமாட்டில் தண்ணீர், கால்மாட்டில் போர்வை, பக்கத்தில் வாந்திக்கு ஒரு பேசின். மிருதுளா அரிசியை வறுத்துக் கஞ்சி வைத்தாள். ஊசி போட்டுக்கொண்டவள் அவள்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும்கூட.

மத்தியானம் ஆனது. "காது சூடா இருக்குதா பாரு" என்றார். தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. சாயங்காலம் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கஞ்சி சப்பென்றிருக்கிறது என்று ஊறுகாய் கேட்டார். மறுநாள் விடிந்ததும் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"இவ்வளவுதானா அம்மிணி? இதுக்கா இத்தனை வருஷம் கட்டில்ல கெடந்து அந்தப் புலம்பு புலம்புன?"

அவர் கேலியாகத்தான் சொன்னார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கூடத்தில் அவர் தம்பியிடம் போனில், "ஒண்ணுமே இல்லடா, இந்தப் பொம்பளைங்க பண்ற அலப்பறை இருக்குதே" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

காப்பில்தான் ஏதோ கோளாறு என்று மிருதுளா நேரே ஜெசிந்தாவிடம் போனாள். ஜெசிந்தா இரண்டு காப்பையும் சோதனைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள்.

"கோளாறெல்லாம் இல்லக்கா. மருந்து உங்களுக்கு ஜோரா புடிச்சிருக்கு. உங்க உடம்பு கூச்சல் போடல, அதான். அனுப்பறதுக்கு ஏதாவது இருந்தாத்தான அனுப்பும்?"

"அதெப்படி?"

"மூணு பேரு காய்ச்சல வருஷக்கணக்கா தாங்குன உடம்புக்கா. எதுக்குப் பதறணும், எதுக்குப் பதற வேண்டாம்னு அதுக்கு அத்துப்படி. ரொம்ப நாள் ஏத்துக்கிட்ட பொம்பளைங்களுக்கு இப்படித்தான் ஆகுது. உங்களுக்கும் பல வருஷமா இப்படித்தான் இருந்திருக்கும். கலந்து வந்ததால தெரிஞ்சிருக்காது."

மிருதுளா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் இத்தனை வருடம் அவள் பட்டதில் அவளுடையது என்று ஒரு துளிகூட இல்லை. நெற்றிப்பொட்டு தெறித்தது, எலும்பு முறுகியது, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனது எல்லாமே இரவல்.

"அப்ப அவங்க மூணு பேருக்கும்?" என்று கேட்டாள்.

"அது நேர்மாறுக்கா. காய்ச்சலே பாக்காத உடம்பு குத்துன ஊசிக்கெல்லாம் ஊரக் கூட்டும். வருஷா வருஷம் ஏறிட்டேதான் போகும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரியும். கூடிக்கொண்டே வந்ததை வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சொல்லிப் பார்க்கத்தான் செய்தாள். "ஏனுங்க, அந்த ஊசிக்காரப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சுங்க..." கவின்ராஜ் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நானே அனுபவிச்சுப் பாத்தாச்சு. அவ என்ன சொல்றது?" அதற்குமேல் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. காய்ச்சல் இல்லாமலே களைப்பாக இருந்தது.

அடுத்த வாரம் நால்வரும் மையத்துக்குப் போனார்கள். அவருக்குப் புது ஊசி, பிள்ளைகளுக்கு வழக்கமான பருவ ஊசி. ஜெசிந்தா பழக்கதோஷத்தில் நீலக் காப்பை மிருதுளா பக்கம் நீட்டினாள். கவின்ராஜ் குறுக்கே கையை நீட்டினார்.

"இங்க கட்டும்மா. என்னுதையும் நானே வெச்சுக்கறேன், பசங்களோடதும் என்ற கைக்கே வரட்டும். இதுல என்ன இருக்குது, சும்மா பெருசு பண்ணிட்டு."

"அப்பா சூப்பர்ப்பா" என்றாள் நறுமுகை. வரிசையில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்த பார்வையில் கோயில் கட்டிவிடுவார்கள் போலிருந்தது.

ஜெசிந்தா மிருதுளாவைப் பார்த்தாள். "அக்கா, சாருக்கு விஷயத்தச் சொல்லலீங்களா?"

இதுதான் தருணம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் அடங்கிவிடுவார். காப்பு தன் கைக்கு வந்துவிடும். மிருதுளா தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

"அவரு ஆசப்பட்டுக் கேக்கறாரு. கட்டி விடும்மா" என்றாள்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் அவர் உடம்பில் காய்ச்சல் வந்து இறங்கியது. ஒன்றல்ல, மூன்று, அதுவும் ஒருநாளும் காய்ச்சலைப் பார்த்திராத மூன்று உடம்புகளின் காய்ச்சல். கவின்ராஜின் பல் கிட்டித்தது. போர்வை வேண்டும் என்றார், வேண்டாம் என்றார், வெளிச்சத்தை அணை என்றார். பிள்ளைகள் இருவரும் பிரியாணி சாப்பிட வெளியே போயிருந்தார்கள். மிருதுளா துண்டை நனைத்து நெற்றியில் போட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"மிருது... இதையா நீ வருஷா வருஷம்... எங்க மூணு பேருக்கும்... நான் ஒரு மடையன். அன்னிக்கு உன்ன அப்படிச் சொல்லிட்டேனே."

எத்தனை வருடம் ஏங்கிய வார்த்தை! அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பேசாம படுங்க" என்று தலையைக் கோதிவிட்டு, கூடத்துக்கு வந்து சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்தாள். ஊசி நாளன்று அவள் அந்தக் கூடத்தை இப்படிப் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது. காபி போட்டுக் குடித்தாள். ருசியாக இருந்தது.

உள்ளேயிருந்து முனகல் வந்துகொண்டிருந்தது. அந்த வலி எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். எங்கே வலிக்கும் என்று சொல்ல முடிந்தது. எப்படி வலிக்கும் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. போன பருவம் வரைக்கும் அவள் உடம்பில் இருந்த வலிதான். அவர் மூச்சுக்கு மூச்சு முனகினார். "மிருது, மிருது" என்று கூப்பிட்டார். இரண்டு தடவை எழுந்து போனாள். மூன்றாம் தடவை காலை மடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காய்ச்சல் அடிக்கும்தான், இல்லையென்று யார் சொன்னது, அதற்காக இப்படியா என்று தோன்றியது. மனுஷன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்.

அவர் தூங்கட்டும் என்று எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.