அழித்த கோடு

“வாப்பா, நம்ம ரோடு என்ன சோறு திங்குது? வருசா வருசம் வளருதே!”

ஆறு வயதில் தஸ்மியா கேட்ட கேள்வி அது. ஷேக் மைதீன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அன்று மேலப்பாளையத்துச் சாலையிலிருந்து அவர் கடைக்கு மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இன்று இரண்டு படி இறங்க வேண்டும். போன ஐப்பசி மழையில் கல்யாணத் துணிகள் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தன. இன்னும் ஒரு தடவை சாலை உயர்ந்தால், கடையை மூட வேண்டியதுதான்.

இப்போது அந்த மெஷினில் உட்கார்ந்திருப்பவள் தஸ்மியா. வயது இருபத்து நான்கு.

அன்று காலை கடை திறக்க வந்தவள் திடுக்கிட்டாள். சுவரை ஒட்டி யாரோ புதிதாகத் தோண்டியிருந்த குழியில், வாசல் கல்லுக்கு நாலு விரல் கீழே, சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு... இடிக்கப்போகும் கட்டடங்களில்தானே இப்படிப் போடுவார்கள்! மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்து ஆவேசமாகத் தேய்த்தாள்.

“ஏங்க... அதை ஏன் அழிக்குதீங்க?”

திரும்பினாள். தலைக்கவசம். தூறலில் நனைந்த இமைகள்... அவற்றின் கீழே, கோபப்படவே தெரியாத இரண்டு கண்கள்.

“என் கடையை இடிக்கதுக்குக் கோடு போட்டா, பாத்துக்கிட்டு இருப்பேனா?”

“இடிக்கதுக்கா?” அவன் தலையில் கை வைத்தான். “நான் ரசீத், இந்த ரோட்டு வேலைக்கு இன்ஜினியர். பழசைத் தோண்டி எடுத்துட்டு, இந்தக் கோட்டோட புது ரோடு நிக்கணும்னு போட்டது. அளக்க ரெண்டு நாளாச்சு. ரெண்டே நிமிசத்துல துடைச்சிட்டீங்களே!”

தஸ்மியாவின் முகம் சிவந்தது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது... ரோஷம் அதை விழுங்கிவிட்டது.

“கோடுன்னா பக்கத்துல ஒரு வரி எழுதணும்!”

“எழுதினா அதையும் துடைச்சிருப்பீங்க.”

அதற்குள் தார் வண்டி வந்து நின்றது. கான்ட்ராக்டரின் மேஸ்திரி அப்பாத்துரை குதித்து இறங்கினார்.

“ஏலே ரசீத், மட்டக் கோடு எங்கலே? இல்லைன்னா விடு, பழசு மேலயே ஊத்து. தோண்டிக்கிட்டு நின்னா வேலை எப்ப முடியும்?”

தஸ்மியா விறுவிறுவென்று உள்ளே போனாள். தையல் சுண்ணாம்பை எடுத்து வந்து, அதே இடத்தில் ஒரே இழுப்பில் கோடு இழுத்தாள்.

“நாலு விரல். அளவு மறந்தா நான் தையல்காரி இல்ல, அண்ணாச்சி.” பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வண்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். “இனி ஊத்துங்க!”

பாளையங்கோட்டை பஸ்கள் வரிசையாக நின்று அலறின.

“அந்தப் பிள்ளையை எழுப்புலே!” அப்பாத்துரை கத்தினார்.

ரசீத் பைய நடந்து வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

“வேலை போயிரும் வே!”

“போகட்டும் அண்ணாச்சி. கோடு போகக் கூடாது.”

தஸ்மியா ஓரக்கண்ணால் பார்த்தாள். ‘யா அல்லாஹ்... திட்டினவளுக்காகவா இவர் உட்கார்ந்திருக்கார்?’

பழக்கடைக்காரர் ஸ்டூலோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் நாற்காலியோடு வந்தார். மதியம் மாநகராட்சி அதிகாரி வந்து வரைபடத்தை விரித்து, கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தார் வண்டி திரும்பிப் போனது. மறுநாள் தோண்டும் இயந்திரம் வந்தது.

பத்தொன்பது நாளில் சாலை முடிந்தது. ஆனால் ரசீத்தைக் கான்ட்ராக்ட் கம்பெனி திசையன்விளை வேலைக்குத் தூக்கி அடித்திருந்தது. சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தான். படி இறங்காமல், நேராக.

“நாளைக்குப் போறேன்...”

“போங்க. யாரு கையைப் பிடிச்சா?” தைத்து முடித்த பொத்தானையே மறுபடியும் தைத்தாள்.

“யாராவது பிடிப்பாங்களான்னு கேக்கத்தான் வந்தேன்... எங்க உம்மாவைக் கூட்டிட்டு, மாமாவைப் பார்க்க வரட்டுமா?”

உள்ளே மெஷினில் இருந்த ஷேக் மைதீன் இருமினார். “ரோடு போடுத வேலைன்னா ஊர் ஊராத் திரியணுமே, தம்பி.”

“மாமா, எந்த ஊர் ரோட்டுலயும் யாரும் படி இறங்கிப் போகாம பாத்துக்கிடுவேன்.”

தஸ்மியா முக்காட்டை இழுத்துக்கொண்டாள். “வாப்பா... எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு.”

ஷேக் மைதீன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இரவெல்லாம் மழை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுத் தஸ்மியா கடைக்கு வந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. மழை சுண்ணாம்புக் கோட்டைக் கழுவியிருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்றுவரை அவனிடம் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

சிவப்புப் பெயிண்டில் தூரிகையைத் தோய்த்தாள். குனிந்து, அவன் போட்ட இடத்திலேயே, மெல்ல, கோணாமல் இழுத்தாள். புதுச் சாலையின் விளிம்பு அதைச் சரியாகத் தொட்டு நின்றது.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, கடையைத் திறந்தாள்.