இடது கவரில் ஒரு பெருக்கல் குறி

மே 14, செவ்வாய். இன்றைய தவறு: குரோம் பூச அனுப்பும் முன் என்ஜினின் மேல்பக்கத்தை மூடும் வால்வ் கவர் இரண்டில் வலதின் உள்பக்கம் மூன்று புள்ளி குத்தினேன். இடதில் குத்த மறந்துவிட்டேன். பூசி முடித்த பார்சல் வந்துவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் நினைவு வந்தது.

இதை நோட்டில் எழுதி மூடிவிட்டு இல்வா வகுப்புக்குப் போனாள். லுட்விகா ஊரின் பழைய தீயணைப்பு நிலையக் கொட்டகையில், செவ்வாயும் வெள்ளியும் மாலையில் எட்டுப் பேர் தங்கள் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவார்கள். முலாம் பட்டறைக்குப் போகும் பாகத்தில் சொந்தக் குறி குத்துவது அங்கே முதல் பாடம். அமிலத்தில் பழைய முலாம் உரிந்துவிட்டால் எல்லாருடைய தகடும் ஒன்றுபோலவே இருக்கும். குத்திய பள்ளம் மட்டும் புதுப் பூச்சையும் தாண்டித் தெரியும்.

கார் அவள் அப்பா ராக்னருடையது. 1957ஆம் வருடத்து அமெரிக்க வண்டி. ஜனவரியில் அவர் செத்துப்போனார். ராக்னருக்கு உலகில் இரண்டே வகை மனிதர்கள்: ராக்னர், மற்ற முட்டாள்கள். குரோமின் மேல் வண்ணம் அடிப்பவர்களை அவர் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. மகள் முடுக்கிய போல்ட் எதுவானாலும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். திரும்பச் செய் என்று பொருள். பன்னிரண்டு வயதில் இல்வா, அவரே முடுக்கிய போல்ட்டைத் தான் முடுக்கியதாகச் சொல்லிக் காட்டினாள். அதற்கும் பெருக்கல் குறிதான். அன்றோடு மரியாதை போனது. ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை சரிபார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்தப் பென்சிலைச் சவப்பெட்டியில், அவர் சட்டைப் பையில் செருகியவள் அவள்தான்.

அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள்: வெள்ளிக்கிழமைக்குள் என்ஜின் ஓடினால் கார் இல்வாவுக்கு. ஓடாவிட்டால் சித்தப்பா சிக்ஸ்டனுக்கு.

சிக்ஸ்டன் அன்றே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். வகுப்பின் காபியை ஊற்றிக்கொண்டு, வகுப்பின் ஏலக்காய் பன்னையும் எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா, இது பாத்திரம் விளக்குற வகுப்பா?"

"பன்னுக்குக் காசு டப்பால போடுங்க, சிக்ஸ்டன்" என்றாள் வகுப்பை நடத்தும் பேரித்.

இல்வா பார்சலைப் பிரித்தாள். வலது கவரில் மூன்று புள்ளி. இடதைத் திருப்பினாள்.

ஒன்பது புள்ளிகள். சேர்ந்து ஒரு பெருக்கல் குறி.

பேரித் கண்ணாடியை இறக்கி உற்றுப் பார்த்தாள். "புள்ளிக்குள்ளயும் குரோம் மின்னுது. பூசுறதுக்கு முன்னாடியே யாரோ குத்தியிருக்காங்க." பட்டறைக்குப் போன் செய்தாள். வைக்கும்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு பெரியவர் வந்தாராம். 'இது என் பொண்ணோடது. குறி போட மறந்திருப்பா, அவ எப்பவும் அப்படித்தான்'னாராம். அங்க இருந்த புள்ளி குத்துற உளியையே வாங்கிக் குத்திட்டுப் போனாராம்."

"எப்போ?"

"ஏப்ரல் கடைசியில."

சிக்ஸ்டன் மட்டும் சிரித்தார். "செத்தும் உன்னை நம்பல பாரு உங்கப்பன்!"

அந்த ஊரின் நீண்ட மே மாதப் பகலில், வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்கும் வெயில் காய்ந்தது. உயர்ந்த ஜன்னல்கள் வழியே வெளிச்சம் கொட்டகையெங்கும் கொட்டியது. இருட்டின் மேல் பழி போட வழியில்லை.

இல்வா எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேஸ்கட்டை வைத்து, இடது கவரை உட்காரவைத்து, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். அளவு பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

அப்போது அந்த வாசனை வந்தது. அப்பா எப்போதும் உதட்டுக்கடியில் அடக்கிய ஈரப் புகையிலை. வகுப்பில் யாரும் அதை வைப்பதில்லை.

கவரின் பளபளப்பில் நீண்டு வளைந்த அவள் முகம். ஜன்னல்கள். அவள் தோளுக்குப் பின்னால், கை கட்டி நிற்கும் ஓர் உயரமான உருவம்.

திரும்பினாள். பின்னால் வெறும் சுவர்.

வலது கவரில் பார்த்தாள். அவள் மட்டும்.

இடதில் அந்த உருவம் மெல்லத் தலையை ஆட்டியது. இல்லை, இல்லை என்று.

அந்தத் தலையாட்டல் அவளுக்கு இருபது வருடப் பழக்கம். பயத்தைவிட எரிச்சல்தான் முந்தியது. சாவியைத் திருப்பினாள்.

இரண்டு முறை இருமி, மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டது. பேரித் கை தட்டினாள். சிக்ஸ்டன் பன்னும் கையுமாகக் குனிந்தார்.

"சத்தமே சரியில்ல. ஒரு வாரம் தாங்காது. பேசாம எங்கிட்ட குடுத்..."

நிறுத்திவிட்டார். கண் இடது கவரில் இருந்தது.

"அவன் பாக்கறான்."

"யாரு?"

"உங்கப்பன். என்னை எப்பவும் பாக்கற மாதிரியே பாக்கறான்."

பன் கீழே விழுந்தது. சிக்ஸ்டன் பின்னாலேயே நகர்ந்தார். "வண்டி உங்கிட்டயே இருக்கட்டும்மா." மாட்டியிருந்த கோட்டைக்கூட எடுக்கவில்லை.

இல்வா என்ஜினை அணைத்து, கவருக்கு அருகே குனிந்தாள்.

"சித்தப்பாவை விடு" என்று கிசுகிசுத்தாள். "வண்டி ஓடுது. எண்ணெய் ஒழுகல. இதுல என்ன குறை, சொல்லு."

பளபளப்புக்குள் ஒரு கை உயர்ந்தது.

மெழுகு தேயும் கீச்சொலி.

ஒரு சிவப்புக் கோடு.

அதன் குறுக்கே இன்னொன்று.

துணியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கோடு குரோமுக்கு அடியில் இருந்தது.

திருகுகளை மூன்றாம் முறை சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த மனிதர் குறி போட்ட எல்லாமே அந்தக் காலத்திலும் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. இவ்வளவுதானா இவர்? செத்து, எழுந்து, பட்டறை வரைக்கும் நடந்து, அதற்குப் பிறகும் சொல்ல இந்த ஒன்றுதான் இருந்ததா?

வீட்டுச் சமையலறை மேசையில் நீலப் பேனாவால் எழுதினாள்.

மே 17, வெள்ளி. இன்றைய தவறு: இல்லை.

இந்த நோட்டில் அப்படி எழுதியது அதுவே முதல் முறை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்கும் முன், 'இல்லை'யின் மேல் மெல்ல, மெழுகுச் சிவப்பில், ஒரு பெருக்கல் குறி ஏறியது. புகையிலை வாசனை அவள் காதோரம் வரை வந்து நின்றது.

ஆனாலும் அவள் அடித்துத் திருத்தவில்லை. அடுத்த வரியில் எழுதினாள்.

நாளை: காலை ஏழு மணிக்கு இடது கவரைக் கழற்ற வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, மினுங்காத கறுப்பு வண்ணம் அடிக்க வேண்டும். இரண்டு பூச்சு.